இந்த வருஷம் ஏர் குழாய்க்குப் பொட்டு இல்லை

ஆவணி 19, புதன்

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் திலகவதி இன்று எங்கள் லாரிப் பட்டறைக்கே வந்துவிட்டாள். நான் டூல்ஸ் அறையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தும் என்னைப் பார்க்கவில்லை. நேராக என் மகனிடம் போனாள்.

"உங்க பிரேக் கொட்டாய்த் தூசி முழுக்கச் சுவரைத் தாண்டி எங்க ஒம்பதாம் கிளாஸுக்குள்ள வருதுங்க. ஜன்னலைச் சாத்தினா பிள்ளைங்க வெந்து போறாங்க, தொறந்தா இருமறாங்க. ஆயுத பூஜைக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லைன்னா மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு எழுதிப் போடுவேன்."

செங்கோட்டுவேல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். நாற்பது தாண்டியாயிற்று, ஆறு ஆளுக்கு முதலாளி, அவன் மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியருக்குப் படிக்கிறாள். டீச்சரைக் கண்டால் மட்டும் வீட்டுப்பாடம் எழுதாத பையன். "சரிங்க டீச்சர், பாத்துக்கலாமுங்க டீச்சர்."

எனக்கு வந்ததே ஆத்திரம். எழுந்து போனேன். "ஏனுங்க டீச்சர், இந்தப் பட்டறை வந்தப்ப உங்க பள்ளிக்கூடம் நாலு ஓலைக் கொட்டாயுங்க. லாரி போற ரோட்டுல வந்து பள்ளிக்கூடத்தைக் கட்டிட்டு லாரித் தூசி அடிக்குதுன்னா எப்படிங்க?"

அவள் சத்தம் போடவில்லை. "பாவாயிம்மா, ரோட்டுத் தூசி செவப்பா இருக்கும். எங்க பென்ச்சு மேல இருக்கறது கறுப்புங்க" என்றாள். போய்விட்டாள்.

நல்ல பதில் ஒன்று எனக்குச் சாயங்காலம் துணி துவைக்கும்போதுதான் தோன்றியது. யாருக்கு வேண்டும் அது.

பிரேக் ஆட்களின் காக்கியை மெஷினில் போட முடியாது. மெஷின் செத்துப்போகும். கல்லில்தான் துவைக்கணும், துவைப்பதற்கு முன்னால் நன்றாக உதறணும். உதறினால் மேகம் மாதிரிக் கிளம்பும். வீட்டுக்காரர் இருந்தவரை அவர் காக்கியை உதறினேன், அவருக்குப் பிறகு மகனுடையதை. பிரேக் பார்க்கிற அங்கமுத்துவின் பெண்டாட்டி போனதிலிருந்து அவன் துணியும் என் கல்லுக்குத்தான் வருகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து உதறுகிறேன். எனக்கு என்ன ஆகிவிட்டது? தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு, அது ஆவணிக் காற்று.

அவர் படத்துக்கு விளக்கு வைத்தேன். வழக்கம்போலத் திட்டினேன். பீடியைக் குடித்துக் குடித்து நெஞ்சைப் புகைக்கூண்டாக்கிக்கொண்டு, பேத்தி வயசுக்கு வருவதைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்த மனுஷன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவருக்குப் பிடித்ததெல்லாம் படத்துக்கு முன்னால் படைக்கிறேன். பொரி, கடலை, காராபூந்தி, வெற்றிலை. பீடிக்கட்டு மட்டும் வைக்க விட்டதில்லை. ஒரு வருஷம் என் கொழுந்தனார் ஆசையாக வாங்கி வந்ததைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தேன்.

ஆவணி 20, வியாழன்

ஆசிரியர் தினமாம். மைக்செட் காலையிலிருந்து காதைக் கிழிக்கிறது. அது மாசு இல்லையாம்.

ஆவணி 24, திங்கள்

இரண்டு டாரஸ் லாரி, ஒரு டேங்கர், மூன்றுக்கும் பிரேக் வேலை. அங்கமுத்து ஒருத்தன்தான் பார்த்தான். சக்கரத்தைக் கழற்றி, ட்ரம்மை இறக்கி, ஏர் குழாயைப் பிடித்து ஒரு அடி அடித்தால் உள்ளே கிடக்கும் பொடியெல்லாம் புஸ்ஸென்று பறந்துவிடும். அப்புறம்தான் தேய்ந்த பிரேக் லைனிங் பட்டையைப் பெயர்த்துப் புதுசை வைத்து ரிவிட் அடிப்பான். இருபது வயதில் அவரிடம் வேலைக்கு வந்தவன். அவர் கை மாதிரியே இவன் கை. இருமலும் அவர் இருமல் மாதிரியே ஆகிக்கொண்டு வருகிறது.

சோறு போடும்போது சொன்னேன். "பீடியை விட்டுத் தொலைடா."

"நான் எங்கீங்காத்தா பீடி குடிச்சேன்? வெத்தலை போடறதோட செரி."

"பொய் சொல்லாதே. இப்படி இருமறவன் பீடி குடிக்காம இருப்பானா?"

பக்கத்து இலையில் இருந்த குமரேசன் பெயிண்டர். வாயை மூடிக்கொண்டு சாப்பிட அவனுக்குத் தெரியாது. "ஆத்தா, அவன் பீடி குடிக்கிறதில்லீங்க. லாரிக்காரனுக குடிக்கிற பீடியைப் பாத்துப் பாத்தே இருமறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அங்கமுத்துவும் சிரித்தான், சிரிப்பு இருமலாகி, இலையை விட்டு எழுந்து போனான். பாதிச் சோறு அப்படியே கிடந்தது. சோற்றை வீணாக்கினால் எனக்குப் பிடிக்காது. குமரேசனைத் திட்டினேன்.

ஆவணி 28, வெள்ளி

அங்கமுத்து இன்று வீல் நட்டைத் திருகப் போய் முடியாமல் சக்கரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டான். உதடு நீலமாகப் போயிருந்தது. குமரேசன் தண்ணீர் தெளித்தான்.

செங்கோட்டுவேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊருக்கு அனுப்பிடலாமாம்மா? அவன் அண்ணன் வீட்டுல போயி இருந்துக்கட்டும். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நமக்குத்தான் கெட்ட பேரு" என்கிறான்.

என் வயிற்றில் பிறந்த வாய் அது. "ஓட்டை விழுந்த டியூப்பாடா அவன், கழட்டி எறியறதுக்கு?" என்று கேட்டேன். கையில் பதினெட்டாம் நம்பர் ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டேன், அது என் நல்ல குணம்.

பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

புரட்டாசி 3, வியாழன்

போனோம். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண், என் பேத்தியை விட நாலு வயது கூட இருப்பாள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பிரேக் கட்டறதுங்க. லாரிக்கு."

"தூசியை எப்படி எடுப்பீங்க?"

"ஏர் அடிப்பமுங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "லைனிங்ல கல்நார் கலந்திருக்கும். கல்நார் தெரியுமா, ஆஸ்பெஸ்டாஸ்?"

நான் முந்திக்கொண்டேன். அஞ்சாம் வகுப்பு என்றாலும் கல்நார் தெரியாதவளா நான்? "தெரியாமங்களா. எங்க மாட்டுக்கொட்டாய்க்குக் கல்நார் ஓடுதான் போட்டிருக்குது."

"அதேதான் பாட்டிம்மா. அதோட பொடி கண்ணுக்கே தெரியாத ஊசி மாதிரி. மூச்சுல உள்ள போனா வெளிய வராது. வருஷக்கணக்கா நெஞ்சுல தங்கி, நுரையீரலை இறுக்கிடும். இவருக்கு அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கறேன். ஸ்கேன் எடுத்தா உறுதியாத் தெரியும். இனிமே தூசிப் பக்கமே போகக்கூடாது."

"மூக்குக்குத் துணி கட்டிக்கிட்டா?"

"துணியில அது நிக்காது. ஏரும் அடிக்கக்கூடாது, காஞ்ச வெளக்கமாத்துல கூட்டவும் கூடாது. சோப்புத் தண்ணியில நனைச்சுத் துடைக்கணும். துடைச்ச துணியைப் பையில போட்டுக் கட்டிடணும். கல்நார் இல்லாத லைனிங்னு கேட்டு வாங்குங்க, அதுக்கும் ஏர் அடிக்காதீங்க."

நான் கேட்டேன். "ஏனுங்கம்மா, பீடி குடிச்சா இப்படி வராதுங்களா?"

"பீடி வேற விதமாக் கெடுக்கும். கல்நாரோட சேர்ந்தா இன்னும் மோசம். ஆனா நுரையீரல்ல இந்தத் தழும்பு பீடியால வர்றதில்லை."

அங்கமுத்து என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீங்களாத்தா, நான் பீடி குடிக்கலைன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க." மடையன். அதற்குச் சந்தோஷப்படுகிறான்.

கிளம்பும்போது அவள், "இவர் துணியை யார் துவைக்கிறது?" என்றாள். நான்தான் என்றேன். "உங்களுக்கு இருமல் எத்தனை நாளா இருக்கு?" என்றாள். காலையில் மிளகாய் வறுத்தேன், அந்தக் காரம் என்றேன். "நீங்களும் ஒரு படம் எடுத்துக்கங்க" என்றாள். வந்தவர்களையெல்லாம் படம் எடுக்க இது என்ன போட்டோ ஸ்டுடியோவா?

பஸ்ஸில் வழி நெடுக எனக்கு அந்தப் பெண் மேல் கோபம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

புரட்டாசி 4, வெள்ளி

விளக்கு வைத்தேன். திட்டவில்லை.

புரட்டாசி 7, திங்கள்

செங்கோட்டுவேலிடம் சொன்னேன். இனிமேல் பிரேக்குக்கு ஏர் அடிக்கக்கூடாது, நனைத்துத் துடைக்கணும்.

"ஏம்மா, ஒரு சக்கரத்தை நனைச்சுத் துடைச்சு ஆற வெச்சு எடுக்கறதுக்குள்ள லாரிக்காரன் தூக்குப் போட்டுக்குவான். அடுத்த பட்டறையில அரை நிமிஷத்துல ஏர் அடிச்சுத் தள்ளறான், அங்க போயிருவான்."

"போனாப் போறான்."

"நீ சுளுவாச் சொல்லிட்டே. அப்பா காலத்துல இருந்து ஏர்தானே அடிக்கறோம்? அப்பாவுக்கு அதுனாலயா ஆச்சு? அவரு பீடியிலதான் போனாருன்னு நீதானே ஊரு பூராச் சொன்னே?"

கேட்டுவிட்டான்.

சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். ரசம் கேட்டான், இல்லை என்றேன். அடுப்பு மேல் ஒரு சட்டி ரசம் இருந்தது.

சாப்பிட்டு எழும்போது, "ஆயுத பூஜை முடியட்டும், யோசிக்கலாம்" என்றான். இந்த யோசிக்கலாம் எனக்குத் தெரியும். அவன் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் யோசிக்கலாம் என்பார்.

அங்கமுத்துவுக்கு டூல்ஸ் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். இனிமேல் என் நாற்காலியில் அவன் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுப்பான். அவர் போன மறுமாசம் நான் உட்கார்ந்த நாற்காலி. "நீங்க எங்கீங்காத்தா உக்காருவீங்க?" என்று கேட்கிறான். "உன் தலை மேல" என்றேன்.

புரட்டாசி 9, புதன்

காலையில் சுவரின் அந்தப் பக்கம் போனேன். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. காலாண்டுப் பரீட்சை. ஒன்பதாம் வகுப்பில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பிள்ளைகள் எழுதுகிறார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. நான் வாசலில் நின்று ஜன்னல் திட்டில் விரலால் இழுத்துப் பார்த்தேன். பட்டறையில் படிகிற அதே கறுப்பு. கடைசிப் பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை தாளின் மேல் வாயைக் குவித்து ஊதிவிட்டு எழுதினாள். பழக்கப்பட்ட ஊதல். ஒவ்வொரு வரிக்கும் ஊதுகிறாள்.

திலகவதி ஓடி வந்து நாற்காலி போட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். சண்டையும் போட்டேன். வெறுங்கையோடு திரும்புகிறவள் இல்லை நான்.

"எங்க தூசியைச் சொல்றீங்களே டீச்சர். எங்க பட்டறைக் கறுப்பு ஆயிலை உங்க வாட்ச்மேன் கேன் கேனா வாங்கிட்டு வந்து பென்ச்சுக் காலுக்குத் தடவறானே, கரையான் வரக்கூடாதுன்னு. மிச்சத்தைத் தண்ணித் தொட்டியோரம் ஊத்தறானே. அது நல்லதுங்களா? அது யாரு வாயில போகும்?"

அவள் முகம் மாறிவிட்டது. "எனக்குத் தெரியாதுங்க பாவாயிம்மா."

"தெரியாதுன்னா? பென்ச்சைத் தொட்டா கை கறுக்குதல்ல."

"நிறுத்தச் சொல்லிடறேன். இன்னைக்கே." சுவர்ப் பக்கம் பார்த்தாள். "நீங்க?"

"நாங்க என்ன?"

"நீங்க எப்ப நிறுத்துவீங்க?"

எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரை வந்தவள், "உங்களுக்கும் இருமல் வருதே, டாக்டர்ட்ட காட்டுனீங்களா" என்றாள். இந்த ஊரில் எல்லோருக்கும் என் தொண்டைதான் வேலையாகப் போய்விட்டது.

புரட்டாசி 22, செவ்வாய்

ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று நாள். இன்று பிரேக் கொட்டாய் சுத்தம் செய்கிற நாள்.

சுத்தம் என்றால் எங்கள் பட்டறையில் இப்படி. கம்ப்ரஸரை முழுசாக ஓடவிட்டு, உத்திரத்திலிருந்து தரை வரைக்கும் ஒரு வருஷத் தூசியை ஏர் அடித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் விரட்டுவது. அவர் ஆரம்பித்த வழக்கம். கொட்டாய் ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று ஆகிவிடும். அப்புறம் அதே தரையில் தார்ப்பாயை விரித்து, பொரி மூட்டையைக் கொட்டி, பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து பொட்டலம் கட்டுவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எல்லோருக்கும் எங்கள் பொட்டலம்தான். கலப்பது என் கை. இந்தத் தெருவில் வேறு எந்தப் பட்டறையும் அப்படிக் கொடுப்பதில்லை என்று எத்தனை வருஷம் பெருமை பேசியிருக்கிறேன்.

காலையில் செங்கோட்டுவேல், "குமரேசா, ஏரைப் போடு" என்றான்.

நான் வீட்டுக்குள் போய் அருவாமனையை எடுத்து வந்தேன். கொட்டாய் நடுவில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். குமரேசனிடம் மெயினை அணைக்கச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அணைத்தான். காற்றை இறக்கி, பிரேக் கொட்டாய்க் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, புடலங்காய் அரிகிற மாதிரி அரிய ஆரம்பித்தேன். புடலங்காய் இல்லை அது. நூல் வைத்த ரப்பர். முதல் துண்டு விழுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். குமரேசன்தான் மெதுவாக, "ஆத்தா, கூட்டுங்களா, பொரியலுங்களா?" என்றான்.

"உனக்குப் பொரியல்."

செங்கோட்டுவேல் ஓடி வந்தான். "அம்மா, என்ன பண்றே. மூணு நாள்ல பூஜை வருது. ஆயுதத்தைப் போய் வெட்டறியே, ஆகுமா? பொட்டு வெக்கிற சாமான்."

"எதுக்குப் பொட்டு வெக்கோணும்னு எனக்குத் தெரியும். ஸ்பானருக்கு வெப்பேன், ஜாக்கிக்கு வெப்பேன், உன்ற வண்டிக்கு வெப்பேன். இதுக்கு வெக்க மாட்டேன். அங்கமுத்து நெஞ்சுல இது வெச்சது போதும்."

"புதுசு வாங்கிட்டா என்ன பண்ணுவே?"

"அதையும் அரிவேன். அருவாமனை வீட்டுலதான் இருக்குது."

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஏதோ செய்யுளைச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். செங்கோட்டுவேல் என் கையைப் பார்த்தான். விரலில் இரத்தம். டூல்ஸ் அறை வாசலில் அங்கமுத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான், மூச்சு வாங்கிக்கொண்டு. மகன் அவனையும் பார்த்தான். பிறகு வெளியே போய்விட்டான்.

நான் மிச்சத்தையும் அரிந்து முடித்தேன். டயருக்குக் காற்று அடிக்கிற குழாயைத் தொடவில்லை. நான் பைத்தியம் இல்லை.

புரட்டாசி 23, புதன்

ஒரு நாள் முழுக்க நனைத்துத் துடைத்தோம். உத்திரம், சுவர், தரை. வாளித் தண்ணீர் தார் மாதிரி ஆயிற்று. அதைச் சாக்கடையில் ஊற்றப் போன குமரேசனை முதுகில் ஒன்று வைத்தேன். எல்லாம் ட்ரம்மில் இருக்கிறது, மூடி போட்டு. அதை எங்கே கொடுப்பது என்று மாசு ஆபீசில் கேட்டுச் சொல்வதாகத் திலகவதி ஆள் அனுப்பினாள். எழுதிப் போடுகிறேன் என்று மிரட்டிய ஆபீசுக்கு இப்போது எங்களுக்காகவே எழுதுகிறாள்.

மத்தியானத்துக்கு மேல் செங்கோட்டுவேல் வந்தான். ஏணியை எடுத்து, நான் எட்டாத உத்திரத்தைத் துடைத்தான்.

பொரியை இந்த வருஷம் வீட்டுக் கூடத்தில் கலந்தேன்.

புரட்டாசி 25, வெள்ளி

பூஜை நன்றாக நடந்தது. ஸ்பானர், ஜாக்கி, வெல்டிங் கம்பி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அங்கமுத்து உட்கார்ந்தபடியே பொட்டு வைத்தான். தட்டில் ஏர் குழாய் இருந்த இடத்தில் சோப்பு வாளியை வைத்தேன். குமரேசன் அதற்கு மாலை போட்டுக் கும்பிட்டான், குரங்கு.

படையலில் இந்த வருஷம் ஒரு சாமான் கூடுதல். மூலைக் கடைக்கு நானே போனேன். "ஆருக்குங்காத்தா பீடி?" என்றான் கடைக்காரன். "வீட்டுக்காரருக்கு" என்றேன். அவன் பீடிக்கட்டை எடுத்து நீட்டினான்.

படத்துக்கு முன்னால் காராபூந்திக்குப் பக்கத்தில் வைத்தேன். தீப்பெட்டியும் வைத்தேன். செங்கோட்டுவேல் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது. கற்பூரப் புகை என்று சொன்னான். இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

புரட்டாசி 28, திங்கள்

பூஜை கழித்து முதல் வண்டி. டிரைவர் அவசரப்பட்டான். செங்கோட்டுவேலே வாளியைத் தூக்கிக்கொண்டு போய், "நனைச்சுத்தான் துடைப்பமுங்க, அவசரம்னா அடுத்த பட்டறைக்குப் போங்க" என்றான். டிரைவர் முனகிக்கொண்டே டீக்கடைக்குப் போனான். வண்டி இங்கேயே நின்றது.

அடுத்த பட்டறையில் புஸ் புஸ் என்று ஏர் அடிக்கிற சத்தம் காலையிலிருந்து கேட்கிறது. காற்று இன்றைக்கு அங்கேயிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் வீசுகிறது. அந்த முதலாளியின் அம்மா எனக்குப் பழக்கம்தான். இந்த வாரத்தில் ஒரு நாள் போய்ப் பேசணும். அருவாமனையைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

காக்கியை இப்போது உதறுவதில்லை. வாளியில் ஊறப்போட்டுவிடுகிறேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அங்கமுத்துவை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரி போகிறேன், அவனுக்குத் துணையாக என்று செங்கோட்டுவேலிடம் சொல்லியிருக்கிறேன். கழுத்துச் சங்கிலியையும் தோட்டையும் இப்போதே கழற்றி அவர் படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். படம் எடுக்கிற அறைக்குள் நகை போட்டுக்கொண்டு போகக்கூடாதாம்.